வரிசை இல்லாமல் இருபது வரை எண்ணுதல்

புதிய பருவம் தொடங்கவிருக்கிறது. நாடகத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று மாணவர்கள் சிலர் உட்பெட்டியில் கேட்டிருந்தனர். தனித்தனியே பதில் எழுதுவதைவிட, அத்தகைய வகுப்பொன்றில் ஒரு பருவம் முழுவதும் இருந்து கண்டதைப் பொதுவில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளவும்.

நாடக வகுப்புகளில் நடக்கும் பயிற்சிகளைப் பற்றிக் கல்விப்புலத்தில் ஓர் எண்ணம் நிலவுகிறது. வட்டமாக நிற்பது, கைதட்டலை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்புவது, எதிரில் நிற்பவரின் அசைவைக் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுவது ஆகியவையெல்லாம் கூச்சம் போக்கும் விளையாட்டுகள். உண்மையான வேலை ஒத்திகையில்தான் தொடங்குகிறது என்பதே அது. மாணவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கின்றனர். முதல் மாதத்தை மகிழ்ச்சியாகக் கழித்துவிட்டு, 'இனி நாடகத்துக்கு வருவோம்' என்கின்றனர்.

என் அனுபவம் வேறு. ஒரு குழுவுக்குள் பேசும் உரிமை யாரிடம் குவிந்திருக்கிறது என்பதைக் கண்முன் கொண்டுவந்து, அதைப் பங்கிட்டுப் பார்க்கும் இடமாகவே இப்பயிற்சிகளைக் கண்டேன். அந்தப் பங்கீடு ஒத்திகைக்கும் மேடைக்கும் இறுதியில் மதிப்பெண் பட்டியலுக்கும் போய்ச் சேராவிட்டால் அவை விளையாட்டாகவே முடிந்துபோகும் என்பதையும் கண்டேன்.

என் முதுகலைப் படிப்பு மொழியியல். பல மொழியினர் கூடும் வகுப்பறைகளில் பேச்சுமுறை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எவ்வாறு கைமாறுகிறது என்பது என் முனைவர்பட்ட ஆய்வுப்பொருள். அதன்பொருட்டு வட இந்தியாவிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் நாடக வகுப்பில் சேர்ந்தேன். சுவரோரம் அமர்ந்து குறிப்பெடுக்க ஆசிரியர் இசையவில்லை. ஒருவர் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் அவருக்காக நடிக்கத் தொடங்கிவிடுவார்கள், வட்டத்துக்குள் வாருங்கள், குறிப்புகளை வகுப்பு முடிந்தபின் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். ஆக, 17 மாணவர்களோடு நான் 18ஆவது ஆள். எங்களிடையே ஒன்பது தாய்மொழிகள்: இந்தி, மைதிலி, வங்காளம், ஒடியா, மராத்தி, பஞ்சாபி, மலையாளம், மிசோ, தமிழ். பயிற்றுமொழி ஆங்கிலம். தேநீர் இடைவேளையின் மொழி இந்தி. (பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இதில் அதிகம் பேசப்படும் மிசோ மாணவியிடம் இப்பதிவின் சாரத்தைச் சொல்லி, இசைவு பெற்ற பின்பே வெளியிடுகிறேன்.)

முதல் வாரத்திலேயே அறிமுகமான ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். உலகெங்கும் நாடக வகுப்புகளில் நடப்பதுதான். குழுவினர் வட்டமாக நின்று கண்களைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ண வேண்டும். யார் எந்த எண்ணைச் சொல்வது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளக் கூடாது, சைகை கூடாது, வரிசையும் கூடாது. இருவர் ஒரே நேரத்தில் வாய்திறந்தால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்பதற்கு எளிது. முதல் நாள் நாங்கள் ஏழைத் தாண்டவில்லை. வகுப்பில் வழக்கமாக அதிகம் பேசுபவர்கள் யாரோ, அவர்களே எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப உடைத்தனர். மௌனம் ஒன்று நீண்டால் அதை நிரப்புவது தங்கள் பொறுப்பு என்னும் பழக்கம் அவர்களுக்கு ஊறியிருந்தது. இன்னொரு சாரார் ஒரு முறைகூட வாய்திறக்கவில்லை. திறக்காததால் அவர்கள்மீது எந்தப் பிழையும் விழவில்லை. இரண்டாம் நாள் ஆசிரியர் ஒரு விதியைச் சேர்த்தார். இருபதை எட்டும்போது ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு முறையாவது பேசியிருக்க வேண்டும். அந்த ஒரு விதி போதுமானதாக இருந்தது. அதுவரை பேசியவர்கள் காத்திருக்கவும், காத்திருந்தவர்கள் இடம் தேடவும் நேர்ந்தது. மூன்றாம் வாரம் இருபதைத் தொட்டோம். யாரும் கைதட்டவில்லை. அறையே சற்று நேரம் அமைதியாக இருந்தது.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய நிலம். அன்றாட உரையாடலில் பேச்சுமுறை எப்படி மாறுகிறது என்பதை விளக்கி ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974இல் எழுதிய கட்டுரையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஒருவர் பேசி முடிக்கும்வரை நாம் காத்திருந்து, பிறகு பேசத் தொடங்குவதில்லை. அவர் எங்கே முடிக்கப்போகிறார் என்பதை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கணித்துவிடுகிறோம் என்பது அதன் மையக் கருத்துகளுள் ஒன்று. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிவினாடிகளே என்று காட்டியது. கண் இமைக்கும் நேரம். அத்தனை விரைவாக முடிவைக் கணிக்க, பேசுபவரின் இலக்கணம் கேட்பவருக்குள் ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

இலக்கணம் தெரியாத இடத்தில் என்ன ஆகும்? நான்காம் வாரம் அதைப் பார்த்தோம். அவரவர் தாய்மொழியிலேயே எண்ணுங்கள் என்றார் ஆசிரியர். பத்துவரை எப்படியோ போய்விட்டோம். பதினொன்றை மிசோ மாணவி எடுத்தார். மிசோவில் பதினொன்று என்பது 'சோம் லெ பகட்': பத்தும் ஒன்றும். நம் 'பதினொன்று' போலவே பத்தும் ஒன்றும் வெளிப்படையாகத் தெரியும் அமைப்பு; ஆனால் மூன்று சொற்களாக ஒலிக்கிறது. இந்தியிலும் மராத்தியிலும் வங்காளத்திலும் பதினொன்று ஒரே சொல். அதற்குள் பத்தையும் ஒன்றையும் பிரித்துக் காண்பது எளிதன்று. 'சோம்' என்றதும் அவர் முடித்துவிட்டார் என்று எண்ணிய மராத்தி மாணவர் 'பாரா' என்று பன்னிரண்டைச் சொல்லிவிட்டார். எண்ணிக்கை உடைந்தது. எல்லோரும் அந்த மாணவியைப் பார்த்துச் சிரித்தனர். ஆசிரியர் சிரிக்கவில்லை. 'உடைத்தது யார்?' என்று மட்டும் கேட்டார். அறையில் சட்டென்று ஒரு மாற்றம். பிழை பேசியவருடையது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தனர். அது கேட்டவருடையது என்பது அந்தக் கேள்விக்குப் பிறகே தெரிந்தது.

அதன்பின் நடந்தது எனக்கு ஆய்வுக்குறிப்பைவிட மேலான ஒன்று. தெரியாத மொழியில் ஒருவர் எண்ணும்போது அவர் சொன்னது பன்னிரண்டா பதின்மூன்றா என்று சரிபார்க்க வழியில்லை, நம்ப வேண்டும். முடித்துவிட்டாரா என்பதைச் சொல்லைக்கொண்டு அறிய முடியாது. குரல் இறங்குவதையும் மூச்சு விடுவதையும் கொண்டுதான் அறிய வேண்டும். கூட்டுவேலை என்று நாம் பெரிதாகப் பேசுவதன் அடிப்படை அலகு இதுதான் என்று நினைக்கிறேன்: எனக்குப் புரியாத ஒன்றை நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் முடிக்கும்வரை இருப்பது.

அடுத்தது உளறல்மொழிப் பயிற்சி. எந்த மொழியிலும் இல்லாத ஒலிகளைக்கொண்டு ஒரு பொருளை விற்க வேண்டும், வழி கேட்க வேண்டும், சண்டையிட வேண்டும். பொருள் இல்லாத பேச்சில் எல்லோரும் சமம் என்று சொல்லப்படுவதுண்டு. ஒலியியல் கற்ற காதுக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. உளறும்போதும் நாம் தாய்மொழியிலேயே உளறுகிறோம். தமிழ் பேசும் என் உளறலில் மெய்கள் இரட்டித்தன, சொற்கள் உகரத்தில் முடிந்தன. ஒடியா மாணவரின் உளறல் ஒவ்வொன்றும் உயிரில் போய் நின்றது. இந்தி மாணவரின் உளறல் மெய்யில் வெட்டி நின்றது. வங்காள மாணவியின் அகரம் இதழ் குவிந்து ஒலித்தது. மிசோ மாணவியின் உளறலில் ஒவ்வோர் அசையும் தனித்தனி உயரத்தில் ஏறி இறங்கியது. மிசோ ஒலியேற்ற மொழி, அதில் சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசும்போது குறையாகக் கருதப்பட்ட அதே ஒலிப்பழக்கம், உளறலில் குறையாக இல்லை. திருத்துவதற்கு எதிரே ஒரு 'சரியான' வடிவம் இல்லாததால், அது வெறுமனே அவருடைய குரலாக இருந்தது. வாரக்கணக்கில் ஓரிரு சொற்களுக்குமேல் பேசாதிருந்த அந்த மாணவி, உளறல்மொழியில் ஒரு போர்வை வியாபாரியாக நாலு நிமிடம் பேசினார். விலை குறைக்கவே இல்லை.

இப்பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்த்தால் இது தற்செயலன்று என்று புரியும். உளறல்மொழி, கண்ணாடி போன்ற பயிற்சிகளைத் தொகுத்து வயோலா ஸ்போலின் 1963இல் நூலாக்கினார். அவற்றின் வேர், 1930களின் இறுதியில் சிகாகோ நகரில் அவர் குழந்தைகளோடு செய்த வேலையில் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். மொழியும் வழக்கமும் வேறுபட்ட பிள்ளைகளை விதிகள் கொண்ட விளையாட்டின்வழி ஒன்றாக இயங்கச் செய்யலாம் என்பதை அவர் தம் ஆசிரியர் நீவா பாய்டிடம் கற்றிருந்தார். அகஸ்தோ போவால் சொல்லுக்கு முன்பாக உடற்படிமத்தைக் கையில் எடுத்த பின்னணியிலும், 1973இல் பெரு நாட்டில் பல தாய்மொழி பேசுவோரிடையே நடந்த எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. பொதுமொழி இல்லாத அறைகளே இப்பயிற்சிகளைப் பெற்றெடுத்தன.

இந்தியாவில் பாதல் சர்க்கார் பட்டறை முறையை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். நகரத் திட்டமிடல் பொறியாளராக வேலைபார்த்தவர் அவர். கல்கத்தாவின் சதாப்தி குழுவோடு சேர்ந்து மேடையையும் நுழைவுச்சீட்டையும் கைவிட்டு, நடிகரின் உடலையும் பார்வையாளரின் அண்மையையும் நம்பினார். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறையைத் தமிழ் நவீன நாடகம் பயில்வோர் அறிவர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு காந்திகிராமத்தில் நடந்த பட்டறையையும் அறிவர். வங்காளம் பேசிய ஒருவரிடமிருந்து தமிழ் நாடகக்காரர்கள் கற்றுக்கொள்ள முடிந்ததற்கு, கற்பித்தல் உடலிலும் விளையாட்டிலும் தொடங்கியதும் ஒரு காரணம்.

இனி, கசப்பான பகுதி. ஏழாம் வாரம் பயிற்சிகள் நின்று ஒத்திகை தொடங்கியது. பருவ இறுதியில் 25 நிமிட நாடகம் ஒன்றை மாணவர்களே கூடி உருவாக்க வேண்டும். விடுதி வாழ்க்கையைக் கருவாக எடுத்துக்கொண்டனர். உணவுக்கூட வரிசை, கட்டண ரசீது, இரவு பத்து மணிக்கு மூடப்படும் வாயிற்கதவு என்று காட்சிகள் வந்தன. ஆனால் வட்டம் கலைந்து நாற்காலிகள் வந்தவுடன் பழைய ஒழுங்கும் வந்துவிட்டது. இந்தி சரளமாகப் பேசிய நால்வர் விவாதத்தை எடுத்துக்கொண்டனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். வேலை முடிய வேண்டும் என்ற அக்கறையே அவர்களை வேகப்படுத்தியது. ஒருவர் யோசனை சொல்லும்போதே அடுத்தவர் தொடங்கிவிடும் அந்த வேகத்தில், மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு பேச வேண்டியவர்களுக்கு நுழைவாயில் இல்லை. அவர்கள் வாக்கியத்தைக் கட்டி முடிக்கும்போது பேச்சு இரண்டு விஷயம் கடந்திருக்கும். மூன்றாம் ஒத்திகையின் முடிவில் மிசோ மாணவிக்குக் கிடைத்தது, சன்னலருகே நின்று மழையைப் பார்க்கும் பெண் வேடம். வசனம் இல்லை. 'உன் முகம் நன்றாகப் பேசுகிறது' என்றார்கள். பாராட்டாகவே சொன்னார்கள்.

நம் நாடக வரலாறு இந்தக் கட்டத்தை நன்கறியும். ஹபீப் தன்வீர் லண்டனில் பயின்று திரும்பி, 1958இல் 'மிருச்சகடிக'த்தை இந்தியில் மேடையேற்றியபோது சத்தீஸ்கரின் நாச்சா கலைஞர்கள் ஆறு பேரை அதில் சேர்த்துக்கொண்டார். தங்கள் ஊர் மேடையில் மின்னியவர்கள் அங்கே தடுமாறினர். தாய்மொழியில் பேச விடாததும், அசைவுகளை முன்கூட்டியே வகுத்துத் திணித்ததுமே காரணம் என்று அவர் கண்டுகொள்ள ஆண்டுகள் பிடித்தன. அதைத் தம் நேர்காணல்களில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சத்தீஸ்கரியில் பேசத் தொடங்கிய பிறகு, கலைஞர்களின் கூட்டு உருவாக்கமாக வளர்ந்ததுதான் 1975இன் 'சரண்தாஸ் சோர்'. 1982இல் எடின்பரோ விழாவில் அது பரிசு பெற்றபோது அங்கிருந்த பார்வையாளர்களுக்கும் சத்தீஸ்கரி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மணிப்பூரின் ஹெய்ஸ்னம் கன்ஹைலால் 1968இல் டில்லியின் தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே இம்பால் திரும்பினார். இந்தியும் ஆங்கிலமும் அவருக்குத் தடையாக நின்றன. மறு ஆண்டே கலாக்ஷேத்ரா மணிப்பூரைத் தொடங்கி, பேச்சைக் குறைத்து உடலையும் மூச்சையும் குரலையும் முன்வைக்கும் ஓர் அரங்கை உருவாக்கினார். ஒருவர் தமது நாடகத்தைத் திருத்திக்கொண்டார். இன்னொருவர் தமக்கான அரங்கை வேறிடத்தில் கட்டினார். எல்லா மாணவர்க்கும் இவ்விரண்டில் ஒன்று வாய்க்கும் என்று நாம் இருந்துவிட முடியாது.

எங்கள் ஆசிரியர் செய்தது சிறிய காரியம். நாற்காலிகளை அகற்றச் சொன்னார். எண்ணும் பயிற்சியின் விதியையே ஒத்திகை விவாதத்துக்கும் வைத்தார்: எல்லோரும் ஒரு முறை பேசும்வரை எவரும் இரண்டாம் முறை பேசக் கூடாது, ஒருவர் முடித்தபின் மூன்று மூச்சு கழித்தே அடுத்தவர் தொடங்க வேண்டும். அன்றைய விவாதம் வழக்கத்தைப்போல் இரு மடங்கு நேரம் எடுத்தது. அதில்தான் அந்த மாணவி முதன்முறையாக ஒரு காட்சி சொன்னார், திக்கித் திக்கி ஆங்கிலத்தில். விடுதி அறையில் இரவில் வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. அறையில் மற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவள் மொழி தெரியாது. பாட்டி இறந்துவிட்டார் என்பது செய்தி. 'ஒவ்வொரு நாளும் நான் அவர்கள் எதிரில் வீட்டோடு பேசுகிறேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஏதாவது நடந்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது' என்றார்.

காட்சி பிடித்துப்போயிற்று. உடனே கேள்வி எழுந்தது: எந்த மொழியில்? பார்வையாளருக்குப் புரிய வேண்டாமா? இந்தியில் செய்யலாம், அல்லது மிசோவில் பேசிவிட்டுத் தோழிகளிடம் இந்தியில் செய்தியைச் சொல்லலாம் என்றனர் சிலர். நியாயமற்ற கேள்வி என்று சொல்ல மாட்டேன். பார்வையாளரை மறந்த நாடகம் தனக்குத்தானே பேசிக்கொள்வது. அதற்கு விடை விவாதத்தில் கிடைக்கவில்லை, பயிற்சியில் கிடைத்தது. முதலில் உளறல்மொழியில் செய்யச் சொன்னார் ஆசிரியர். தோழிகளாக நடித்த மூவரும் என்ன செய்தி என்று ஊகிக்க வேண்டும். ஊகித்தனர்: வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. அதற்குமேல் தெரியவில்லை. 'இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?' என்று கேட்டவர் வங்காள மாணவி. அடுத்து அதே காட்சி மிசோவில்.

அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி காதில் ஒலிவாங்கி மாட்டியிருக்கிறாள். ஒருத்தி, விடுதியில் தடைசெய்யப்பட்ட மின்கெண்டியில் நூடுல்ஸ் வேகவைக்கிறாள். தொலைபேசி மணி. பேச்சு கலகலப்பாகத் தொடங்குகிறது. 'நூ' என்னும் சொல் அடிக்கடி வருகிறது. அம்மாவை அழைக்கும் சொல் அது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். பிறகு, அவள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. அந்த 200 மில்லிவினாடி அரை நொடியாகிறது, ஒரு நொடியாகிறது, மூன்று நொடியாகிறது. மறுமுனையில் அம்மா பேசுவது நமக்குக் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் இவளுடைய மௌனத்தின் நீளம் மட்டுமே. துணி மடிப்பவளின் கை நிற்கிறது. ஒலிவாங்கி ஒரு காதிலிருந்து இறங்குகிறது. அவள் பேசி முடித்துத் தொலைபேசியைக் கீழே வைக்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. கெண்டியில் இருப்பதை இரண்டு கிண்ணங்களில் பங்கிட்டு ஒன்றை அவளருகே வைக்கிறாள் ஒருத்தி. காட்சி முடிகிறது.

மேடையேறிய நாளில் அரங்கில் மிசோ தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் இருந்திருக்கலாம். மற்றவர்கள் அனைவரும் அந்த மூன்று தோழிகளின் இடத்திலேயே வைக்கப்பட்டனர். புரியாமை அங்கே நாடகத்தின் குறையாக இல்லை. அதுவே நாடகத்தின் பொருளாக இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பத்தாயிரம் பேருக்குமேல் தாய்மொழியாகப் பேசும் மொழிகள் 121. அவற்றுள் 22 மட்டுமே எட்டாம் அட்டவணையில் உள்ளவை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் மிசோ அதில் இல்லை. இந்த நாட்டின் விடுதிகளில் ஒவ்வோர் இரவும் பக்கத்துக் கட்டிலில் யாரோ நமக்குத் தெரியாத மொழியில் வீட்டோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை அப்படியே மேடைக்குக் கொண்டுவர எங்களுக்குத் தேவைப்பட்டது மொழிபெயர்ப்பன்று, கேட்கப் பழகிய மூன்று பேர்.

பிறகு மதிப்பெண் வந்தது. மதிப்பீட்டுத் தாளில் தலா 20 மதிப்பெண்ணுக்கு ஐந்து கட்டங்கள். அவற்றுள் ஒன்று 'வசன உச்சரிப்பு'. வெளியிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் அந்தக் காட்சியைக் கலந்துரையாடலில் மனமாரப் பாராட்டினார். ஆனால் அந்தக் கட்டத்தில் மாணவிக்கு 6 போட்டிருந்தார். தெரியாத மொழியின் உச்சரிப்பை நான் எப்படி மதிப்பிடுவது, காலியாகவும் விட முடியாதே என்றார். நேர்மையான பதில். குறை அவரிடம் இல்லை. ஒரே மொழியில் நடிப்பார்கள் என்று எண்ணி வகுக்கப்பட்ட கட்டம் அது.

மற்ற பதினாறு மாணவர்களும் துறைக்கு ஒரு கடிதம் எழுதினர். நாடகம் அனைவரும் சேர்ந்து உருவாக்கியது. அந்தக் காட்சியை மிசோவில் வைப்பது என்பது குழுவின் முடிவு. எனவே அந்தக் கட்டத்தின் மதிப்பெண்ணைக் குழு முழுவதற்கும் சராசரியாக்க வேண்டும் என்று கேட்டனர். அப்படிச் செய்தால் அவர்களுள் பலருக்குச் சில மதிப்பெண் குறையும் என்பது தெரிந்தே கையெழுத்திட்டனர். முதல் கையெழுத்து, அன்று 'பாரா' என்று குறுக்கிட்ட மராத்தி மாணவருடையது. பருவத்தின் தொடக்கத்தில் அறிவித்த முறையை நடுவில் மாற்ற விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு முதல் அந்தக் கட்டத்தின் பெயர் 'குரல்வழிப் பொருளுணர்த்தல்' என்று மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாணவியின் 6 அப்படியே இருக்கிறது. கடிதம் எழுதிய நாளில் அவரிடம் கருத்துக் கேட்டபோது, 'மதிப்பெண் கூடினால் நல்லதுதான். ஆனால் அதற்காக அந்தக் காட்சியை இந்தியில் மாற்றிச் செய்யச் சொல்ல மாட்டார்களே?' என்று கேட்டுக்கொண்டார்.

பயிற்சிகளைப் புகழ்ந்துகொண்டே போவதும் சரியாகாது. உடலைத் தொடும் பயிற்சிகள், கண்ணைக் கட்டிக்கொண்டு பிறர் கையை நம்பி நடப்பவை, பின்னால் சாய்ந்து விழுபவை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. யார் யாரைத் தொடலாம் என்பதில் பாலினமும் சாதியும் ஆழமாக ஊடாடும் சமூகம் நம்முடையது. 'நம்பிக்கை' என்ற பெயரில் ஒருவரின் தயக்கத்தை உடைப்பது கற்பித்தல் ஆகாது. எங்கள் வகுப்பில் எந்தப் பயிற்சியிலிருந்தும் காரணம் சொல்லாமல் விலகி நிற்கலாம் என்ற விதி முதல் நாளே அறிவிக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். அப்படியொரு விதி இருந்ததால்தான் மற்றவர்கள் துணிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நாடகத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று கேட்ட மாணவர்களுக்கு: எடுங்கள். நடிப்பு வராது என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்களுக்குச் சரளமான மொழி வகுப்பின் மொழியாக இருந்தால், அதிகம் கற்றுக்கொள்ளப்போவது நீங்கள்தான். ஒருவர் பேசி முடித்தபின் மூன்று மூச்சு காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த மொழி உங்களுக்குச் சரளமாக இல்லையென்றால், வசனமில்லாத வேடத்தை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் மொழியில் ஒருமுறை செய்துகாட்ட அனுமதி கேளுங்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தில் 'குழுச் செயல்பாடு' என்று எழுதுவதோடு நிற்காமல், பயிற்சிக் காலத்தின் விதிகள் ஒத்திகைக்கும் தொடருமா என்பதையும் எழுதுங்கள். யார் எந்த மொழியில் பேசலாம் என்பதை முதல் வாரத்திலேயே வகுப்போடு பேசி முடிவுசெய்யுங்கள். மதிப்பீட்டுத் தாளைப் பருவம் தொடங்குமுன் மாணவர்கள் முன்னிலையில் ஒருமுறை வாசித்து, எந்தக் கட்டம் யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேளுங்கள். பருவம் தொடங்கியபின் விதி அசையாது, தொடங்குமுன் அசையும். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.